வெள்ளாற்றங்கரையில் ஒரு செங்கல் வட்டம்

5-1-2011 தேதியிட்டுச் சிதம்பரத்திலிருந்து வந்த கடிதத்தில், என் தங்கையின் கணவர் தனபால் இப்படி எழுதியிருந்தார்: “அக்கா, செல்வி என்று என் பழைய மாணவி ஒருத்தி. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் ஆற்றோரத்துப் பழைய தொழிலிடங்களை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டத் தொடங்கியிருக்கிறாள். எங்கள் கல்லூரிப் பிள்ளைகளை அணி அணியாக அவளிடம் அனுப்பலாமா என்று முதல்வர் என்னைக் கேட்கிறார். நான் அவளுக்கு வாத்தியார், எனக்கு அவளிடம் குறை தெரியாது. நீங்கள் வந்து ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். தப்பு இருந்தால் உங்கள் கண்ணுக்குத் தப்பாது.”

கடைசி வரியைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். சேலம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வாங்கிய புத்தகத்தில் வாங்கிய தேதியையும் படித்து முடித்த தேதியையும் பென்சிலால் குறிப்பது என் வழக்கம். அப்படிக் குறித்த சில புத்தகங்களில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், பரங்கிப்பேட்டையில் ஓர் ஆங்கிலேயர் கரி போட்டு எரிக்கும் இரும்பாலை நடத்தினார் என்பதும், அதற்கான கல் எங்கள் சேலத்து மலைகளிலிருந்து படகில் போனது என்பதும்தான் அந்தச் செய்தி. எங்கள் ஊர்க் கல் போய்ச் சேர்ந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 21, வெள்ளிக்கிழமை. கடலூரில் முதல் தவறு என்னுடையது. ‘கடலூர்’ என்று நடத்துநர் கத்தியதும் இறங்கினேன். செல்வி காத்திருந்தது பழைய நகரத்தில், ஊரார் ஓ.டி. என்று சொல்லும் பகுதியில். நான் நின்றது திருப்பாதிரிப்புலியூரில். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள், நடுவில் கெடிலம். ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆளாக ஏறி, ஒரு மீன்கூடைக்கும் ஒரு கணினிப் பெட்டிக்கும் இடையில் உட்கார்ந்து ஆற்றைக் கடந்தேன். சேலத்தில் ஆறு என்று திருமணிமுத்தாற்றைக் காட்டுவோம். காட்டும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வோம். கெடிலத்தில் தண்ணீரே ஓடியது. அதிலேயே எனக்குப் பாதி மரியாதை வந்துவிட்டது.

செல்விக்கு முப்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, கழுத்தில் தொங்கும் ஒரு விசில். விசில் எதற்கு என்று கேட்டேன். கூட்டமாக வருகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள் என்றாள். வந்திருப்பதோ நான் ஒருத்தி. அவளுடைய கணவர் பாபு, சொந்த ஷேர் ஆட்டோவின் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே வணக்கம் சொன்னார்.

“ம்மா, இவ திட்டக்குடி. காடு கழனி பாத்து வளந்தவ. கல்யாணமாயி வந்தப்ப உப்பனாத்தப் பாத்துட்டு இதான் கடலான்னு கேட்டா. இப்ப எனக்கே ஆறு சொல்லித் தரா.”

“கடல்னு கேக்கல. கடல் எந்தப் பக்கம்னு கேட்டேன்,” என்றாள் செல்வி. இந்த வழக்கு அவர்கள் வீட்டில் பல வருடமாக நடப்பது போலிருந்தது.

அன்று பகல் முழுவதும் பழைய நகரம். வெள்ளைக்கார துரைகளின் பெயர் தாங்கிய தெருக்கள், சுண்ணாம்பு உதிர்ந்த கிடங்குகள், ஒரு கிடங்கின் நிலைவாசலில் பாதி அழிந்த எண். எண்ணைப் பார்த்ததும் நான் குனிந்துவிட்டேன். வருடமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மின்வாரிய இணைப்பு எண்ணாம். செல்வி சிரிக்கவில்லை, அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

துறைமுகத்தில் அவள் சொன்னது என் மனதில் நின்றது. ஆற்று முகம் ஆழமில்லாததால் பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வராதாம். அது நடுக்கடலில் நிற்க, இங்கிருந்து சரக்குப் படகுகள் போய் ஏற்றி இறக்கிவிட்டு வருமாம். எல்லா ஊரிலும் கப்பல் துறைமுகத்துக்கு வரும், இந்த ஊரில் துறைமுகம் கப்பலுக்குப் போனது என்றாள். நாங்கள் பார்த்தபோது சரக்குப் படகு ஒன்று தரையேறிச் சாய்ந்து கிடந்தது. அதன் நிழலில் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

சிதம்பரம் சாலையில் தொழிற்பேட்டையைத் தாண்டும்போது ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். பார்க்க ஒன்றுமில்லை, மதில்சுவரும் புகைபோக்கிகளும்தான். “மூச்ச இழுத்துப் பாருங்கம்மா,” என்றாள். இழுத்தேன். அழுகின முட்டைக்கோசும் ஆஸ்பத்திரியும் கலந்தது போல ஒரு வாடை. இதுவும் இந்த ஊர்த் தொழில் வரலாறுதானே, நூறு வருடத்துக்கு முந்தியதை மட்டும் காட்டினால் அது பொய்யாகிவிடும் என்றாள். அந்த மதில்களில் ஒன்றுக்குள்தான் அவள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறாள்.

மதியம் ஒரு மெஸ்ஸில் சங்கரா மீன் குழம்பு. எங்கள் ஊரில் மீன் என்றால் மேட்டூர் அணைக் கெண்டை, அதுவும் ஐஸ் பெட்டியில் ஒரு நாள் உறங்கிவிட்டு வரும். இந்தக் குழம்புக்கு நான் மூன்றாம் முறை சோறு வாங்கினேன். அப்போதுதான் செல்வி தன் நிலைமையைச் சொன்னாள். பழைய வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். கல்லூரி சரி என்றால் இந்தச் சுற்றுலாவைத் தொடர்வாள். இல்லையென்றால் மதிலுக்குள் போய்விடுவாள். கல்லூரியை விட்டால் மாதா மாதம் ஆள் வருவதற்கு வேறு வழி தெரியவில்லை.

“சார் எனக்காக சரின்னு சொல்லிடக் கூடாதும்மா. நல்லாருந்தா சொல்லட்டும்,” என்றாள். அப்பளத்தை உடைத்தவள் அதைச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை தேவனாம்பட்டினம். கெடிலம் கடலில் சேரும் பக்கத்தில் பழைய கோட்டையின் மிச்சங்கள். சுனாமி அடித்து ஆறு வருடங்கள் ஓடியிருந்தன. புதிய வீடுகளில் இரண்டாவது முறை சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, கோட்டையைப் படம் பிடிக்கும் என்னிடம், “அந்தச் செவுத்த எதுக்குப் புடிக்கிறீங்க, எங்க புதுப் படகப் புடிங்க,” என்றார். படகையும் பிடித்தேன். படகில் பதிவு எண் இருந்தது, கோட்டைச் சுவரில் தேதியே இல்லை.

பரங்கிப்பேட்டைக்கு ரயிலில் போவது செல்வியின் திட்டம். சிறிய பாதையைப் பிடுங்கி அகலப்பாதை போட்டு ரயில் திரும்ப ஓடத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெட்டியில் எல்லோருக்கும் புது வீட்டுக்குக் குடிவந்த முகம். பாபு காலி ஆட்டோவைச் சாலை வழியாக ஓட்டி வந்தார். ரயில் தாமதம். ஸ்டேஷனில் எங்களுக்கு முன்பே பாபு காத்திருந்து, சிதம்பரத்திலிருந்து வந்துவிட்ட தனபாலுடன் டீ குடித்துக்கொண்டிருந்தார். “ரயிலு எங்க ஆட்டோவ ஜெயிக்கணும்னா இன்னும் ஒரு தண்டவாளம் போடணும் சார்,” என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

ரயில் தாமதித்ததில் கடல் ஓதம் இறங்கி வெள்ளாற்றில் நீர் வடிந்துவிட்டது. படகில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் அடியில் மணல் உரசிப் படகு நின்றுபோனது. தனபால் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கித் தள்ளினார். பேராசிரியர் தள்ளும் படகில் மாணவி உட்கார்ந்திருப்பதா என்று செல்வியும் இறங்கினாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். என்னையும் சேர்த்துத்தான் தள்ளினார்கள். அந்தக் கோலத்தில் அவள் விசிலை ஊதி, இரண்டு கரைக்கும் பொதுவாக, “பயணிகள் எறங்கலாம்,” என்று அறிவித்தாள். தனபால் சிரித்த சிரிப்பில் சுற்றுலா தேர்வாகிவிட்டது என்றே நினைத்தேன்.

கரையேறித் தர்காவைப் பார்த்தோம். சிங்கப்பூர், மலேசியாப் பணத்தில் எழுந்த மாடி வீடுகளின் தெருவில் அல்வா வாங்கினோம். கறுப்பாக, நெய் கையில் வழிய, பல்லில் ஒட்டாத அல்வா. சேலத்துக்குத் தனியாக ஒரு பொட்டலம் கட்டச் சொன்னேன். அது சிதம்பரத்தைத் தாண்டவில்லை.

பிறகு நான் வந்த காரியம். ஆற்றுக்கு அருகில், ஒரு குறுகிய தெருவின் பின்புறம் தென்னந்தோப்பு. பாபு தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திக் காலை நீட்டித் தூங்கிவிட்டார். தோப்புக்குள் இடுப்பளவு உயரத்தில் ஒரு செங்கல் வட்டம், ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. செல்வி புடவைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு எதிரில் நின்றாள்.

“இந்த வட்டத்துக்குள்ளதான் இரும்பு உருகிச்சு. கல்லு சேலத்துலருந்து வந்துச்சு. காட்ட வெட்டிக் கரி போட்டாங்க. உருகினது பாளம் பாளமா கப்பலேறி இங்கிலாந்துக்குப் போச்சு.” சேலம் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தாள்.

எனக்கு மெய் சிலிர்த்தது உண்மை. ஆனால் கண் தரையில் இருந்தது. இரும்பு உருகும்போது கல்லிலுள்ள மற்ற கசடெல்லாம் தனியே பிரிந்து கட்டியாக இறுகும். அதைக் கிட்டம் என்பார்கள். எங்கள் சேலத்துக் கஞ்சமலையடியில் ஏர் ஓட்டினாலே கிட்டம் கிடைக்கும், அத்தனையும் பழைய கொல்லுலைகளின் கழிவு. ஓர் ஆலையே நடந்த இடத்தில் குன்றாகக் கிடக்க வேண்டும். இங்கே ஒரு துண்டுகூட இல்லை. வட்டத்தின் உட்புறத்தைக் கிளறினேன். வெள்ளை வெள்ளையாக வெந்த கிளிஞ்சல்கள் வந்தன. கடலோரத்தில் கிளிஞ்சலை வேகவைத்துச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாய்களை நாகப்பட்டினத்தில் பார்த்திருக்கிறேன். இதே வட்டம், இதே உயரம்.

கேட்காமல் இருந்திருக்கலாம். தனியாகவாவது கேட்டிருக்கலாம். “கிட்டம் எங்கே செல்வி?” என்று தனபால் முன்னாலேயே கேட்டேன். கிளிஞ்சலையும் காட்டினேன். இது சுண்ணாம்புக் காளவாயாக இருக்கலாம், இரும்பாலை வேறு எங்காவது இருந்திருக்கலாம் என்றேன்.

“ஊர்ல எல்லாரும் இதத்தாம்மா காட்டுறாங்க,” என்றாள். குரல் இறங்கிவிட்டது.

தனபால் கிளிஞ்சலை வாங்கிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் கையைத் துடைத்தார். ஐம்பது மாணவர்களை அழைத்து வந்து, ஒரு சுண்ணாம்புக் காளவாயை இரும்பாலை என்று காட்டிவிட்டு, முதல்வர் முன்னால் எப்படி நிற்பது என்ற யோசனை அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. செல்வியும் அதைப் படித்துவிட்டாள்.

சாப்பாடு அந்தத் தெருவிலேயே பாபுவின் பிறந்த வீட்டில். அவருடைய தங்கை கலையரசி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, குழந்தை பிறந்து இன்னும் மாதம் நிறையவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று சமைத்த பால்சுறாப் புட்டில் எங்களுக்கும் பங்கு. பூண்டும் மிளகும் தூக்கலாக, உதிர் உதிராக இருந்தது. செல்வி பரிமாறிக்கொண்டே இருந்தாள், இலையில் உட்காரவில்லை. பாபு மட்டும் விவரம் தெரியாமல், “என்னா, சார் பெயில் போட்டுட்டாரா?” என்று கேட்டார்.

கை கழுவிவிட்டுக் குழந்தையைப் பார்க்க உள்ளறைக்குப் போனேன். கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியபோது விரலில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டில், தரையில், தேங்காயளவு ஒரு கறுப்புக் கட்டி. மேலெல்லாம் மஞ்சள் பூசியிருந்தது. ஒரு பக்கம் உடைந்த இடத்தில் கண்ணாடி போலப் பளபளத்தது. கறுப்புக்குள் லேசான பச்சை.

என் கை தானாக நீண்டது.

“அத எடுக்காதீங்க பெரிம்மா,” என்றாள் கலையரசி. குழந்தையைத் தூக்கியிருந்ததால் கண்ணால் தடுத்தாள். “புள்ளைக்குத் தல நிக்கிற வரைக்கும் அது கட்டுலுக்கு அடிய வுட்டு நகரக் கூடாது. காத்து கருப்பு அண்டாது.”

பிரசவித்தவளின் பக்கத்தில் அரிவாளோ ஆணியோ வைப்பது எங்கள் ஊரிலும் உண்டு. இப்படிக் கட்டி வைத்து நான் பார்த்ததில்லை. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

அவள் பாபுவைக் கூப்பிட்டாள். அவர் வாசற்படியில் நின்று மிகச் சாதாரணமாகச் சொன்னார். “பின்னால தோப்புலருந்துதாம்மா. அந்தக் காலத்துல மலை மாதிரி கெடந்துச்சாம். பெரிய பெரிய கட்டிய ரோட்டுல கொட்ட அள்ளிட்டுப் போயிட்டாங்க. மிச்சத்தத் தெருவுல ஆளுக்கொண்ணு வச்சிக்கிட்டாங்க. வூட்ட இடிச்சுக் கட்டுறப்ப ஒவ்வொண்ணாத் தொலஞ்சு போச்சு. இப்பத் தெருவுக்கே இது ஒண்ணுதான். எந்த வூட்ல புள்ள பொறக்குதோ அங்க போவும்.”

செல்வி அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு இங்கே நடந்த முதல் பிரசவம் இது. கட்டிலடியில் கிடந்ததால் அவள் அந்தக் கட்டியைக் கவனிப்பதும் அன்றுதான் முதல் தடவை.

“ஏங்க, இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ ஆலையப் பத்திக் கேட்ட. புள்ளப் பேறு பத்தி எங்க கேட்ட?” என்றார் பாபு.

தரையில் கிட்டத்தட்டப் படுத்தபடி மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். கஞ்சமலைக் கிட்டம் மங்கலாக, துளை துளையாக, கனமாக இருக்கும். அது சிறிய உலையின் சூட்டில் பிறந்தது. இதுவோ கண்ணாடியாக உருகி ஓடி உறைந்தது. பெரிய உலையின் சூடு இல்லாமல் இப்படி உருகாது என்று நான் படித்தது சரியானால், இது ஆலையின் கிட்டம்தான். தோப்பில் கிட்டம் இல்லாததை வைத்து அங்கே ஆலை இல்லை என்று முடிவுகட்டியது என் அவசரம். அதை அந்த அறையிலேயே எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

தனபாலின் முகம் தெளிந்தது. “அப்ப சரிதான், அந்த வட்டம்தான் உலை. பிரச்சினை தீந்துச்சு,” என்றார்.

இந்த இடத்தில் செல்வி தலையாட்டியிருந்தால் போதும், அவளுடைய திங்கட்கிழமை பிழைத்திருக்கும். அவள் குழந்தையின் மேல் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டே சொன்னாள்: “இல்ல சார். தோப்புலருந்து எடுத்ததுன்னு இவுங்க சொல்றாங்க, இவருக்கு அவுங்க அப்பா சொன்னது. தோப்புல ஆலை இருந்துருக்கலாம். அந்த வட்டம் ஆலைதான்னு இந்தக் கட்டி சொல்லல. கிளிஞ்சலும் அங்கதான கெடக்குது. முதல்ல உலையா இருந்து, பின்னால யாராச்சும் சுண்ணாம்பு சுட்டுருக்கலாம். முதல்லருந்தே காளவாயாவும் இருக்கலாம். இனிமே நான் அப்படித்தான் சொல்லுவேன். இது உலைதான்னு சொல்ல மாட்டேன்.”

“நாளைக்குச் சிதம்பரத்துக்கு வா,” என்று மட்டும் சொன்னார் தனபால்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போனேன். வடக்குக் கோபுரத்து நாட்டியச் சிற்பங்களுக்குக் கீழே அன்று தேதியைத் தேடவில்லை. நினைப்பெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றியே இருந்தது. பத்து மணிக்குக் கீழவீதி ஹோட்டலில் நால்வரும் உட்கார்ந்தோம். சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் வந்தன. மிளகு மணக்கும் சோற்றில் நல்லெண்ணெய் மினுங்கும் கொத்சைப் பிசைந்து சாப்பிட்டேன். எங்கள் ஊர்த் தட்டுவடை செட்டுக்கு ஈடாக ஏதாவது சொல்வதென்றால் இதைச் சொல்வேன். பாபு இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். செல்வியின் தட்டில் கை பட்ட அடையாளமே இல்லை.

தனபால் கை கழுவி வந்து உட்கார்ந்தார். இரவெல்லாம் யோசித்ததாகச் சொன்னார். வகுப்பில் தான் சொல்வது எல்லாம் முடிந்துபோன பதில்கள், பையன்கள் எழுதிக்கொண்டு போய் மறந்துவிடுகிறார்கள் என்றார்.

“பசங்கள அனுப்புறேன்மா. ஒரே நிபந்தனை. வட்டத்துக்கிட்ட நிக்க வச்சுக் கிளிஞ்சலக் காட்டு. இந்தக் கட்டியப் பத்திச் சொல்லு. என்னான்னு முடிவ மட்டும் நீ சொல்லாத. அவனுங்க எழுதட்டும். நான் மார்க் போடுறேன்.”

“தப்பா எழுதினா, சார்?”

“எது தப்புன்னு உனக்குத் தெரியுமா?”

செல்வி எழுந்து வெளியே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கைப்பேசியில் பேசுவது தெரிந்தது. பேச்சு நீளவில்லை. திரும்பி வந்து, “சொல்லிட்டேன். திங்கட்கிழம வரைக்கும் அவுங்கள எதுக்குக் காக்க வைக்கணும்,” என்று உட்கார்ந்து, ஆறிப்போன சாதத்தில் கொத்சை ஊற்றிப் பிசையத் தொடங்கினாள். பாபு கொத்சுக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார்.

இதை எழுதுவது ஜூலை மாதம். மாணவர்கள் மூன்று அணிகளாக வந்து போய்விட்டார்கள் என்று தனபால் தொலைபேசியில் சொன்னார். பாதிப்பேர் உலை என்றும் பாதிப்பேர் காளவாய் என்றும் எழுதியிருக்கிறார்களாம். ஒருவன் மட்டும் இரண்டும் இல்லை, கிணற்றுக்குப் போட்ட வட்டம் என்று எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறான். தோப்புக்காரர் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் வருவதைப் பார்த்து இடிந்த பக்கத்துக்கு வேலி போட்டு, இளநீர்க் கடையும் வைத்துவிட்டார்.

கட்டியின் ஒரு சில்லைச் சோதித்துச் சொல்ல, தனபாலின் கல்லூரி நண்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். குழந்தைக்குத் தலை நின்றதும் எடுத்துப் போகலாம் என்று கலையரசியும் சம்மதித்திருந்தாள். தலை நின்றது. பாபு போய்க் கேட்டபோது கட்டி எதிர்வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அந்தக் குழந்தைக்கும் தலை நிற்கக் காத்திருந்தார்கள். இப்போது அது தெருக்கோடி வீட்டில் இருக்கிறது, அங்கே பிறந்தது இரட்டை. ஆகவே, அந்தக் கட்டி உண்மையில் ஆலையின் கிட்டம்தானா என்பதும், தோப்பிலுள்ள செங்கல் வட்டம் உலையா காளவாயா என்பதும் இன்று வரை உறுதி செய்யப்படாதவை.